சபைக்குள் முடங்கியவராம்!

பள்ளியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்து, தன் கிறிஸ்தவ சபைக்குப் பாட்டெழுதிக் கொடுத்து மறைந்த டீச்சரின் நினைவேந்தல் கூட்டத்தில் ஒரு கவிஞர் பேசியதை நண்பர்களில் பெரும்பாலானோர் காணொளியில் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதை முழுவதுமாக இங்கே எடுத்தெழுதி இன்னொரு சுற்றுப் பரப்பிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. "பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவே முடங்கிப்போகாமல் இருந்திருந்தால், இவர் தமிழின் முக்கியமான கவிஞராக வந்திருப்பார்." கைதட்டல் வேறு. முன்வரிசையில் அவரிடம் படித்தவர்களும் அவர் பழக்கிய பாடகர் குழுவினரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முகம் போன போக்கைப் பேச்சாளர் கவனித்திருக்க வாய்ப்பில்லை; அவர் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீச்சர் வாழ்ந்தது ஒரே வாழ்க்கை. கவிதைக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என்று அதைக் கூறுபோட்டு, தனக்குப் பிடித்த கூற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் 'வீணாய்ப்போனவை' என்று ஒதுக்கிவைக்கும் உரிமையை அந்தக் கவிஞருக்கு யார் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி. டீச்சரின் கவிதை எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தையே அதன் சிறை என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது அவருக்கு நிறையவே இருக்கிறது.

டீச்சரிடம் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும் என்பதை எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லிவிடும். டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். வருகைப் பதிவேட்டை எடுத்து, ஜான் என்றால் நாள், ரவி என்றால் மலர், ராசு என்றால் காசு என்று எங்கள் பெயர்களாலேயே பாடத்தை நடத்துவார். பிறப்புக்கு மட்டும் வகுப்பில் பெயர் அகப்படவில்லை. கணிதத்தில் ஒருபோதும் தேறாத ஒருவனை எழுப்பி நிறுத்தி, "இன்றைக்கு உன் பெயர் கணக்கு" என்றார். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். தேர்வில் அந்தக் கேள்வியை எங்களில் யாரும் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. இப்படி ஒரு காதும் இப்படி ஒரு குறும்பும் உள்ளவர் வகுப்பறையில் 'முடங்கிப்போனார்' என்றால், முடங்காமல் இருப்பது என்பது எப்படி இருக்கும் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

சபைக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் நாடகம், நோயாளிகளைப் பார்த்துவருதல், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தல் என்று நீளும் அந்த வேலைகளின் பட்டியலை, ஏதோ ஒரு தண்டனையின் விவரம்போல அன்று மேடையில் வாசித்தார்கள். இவற்றில் பாதி எழுத்து வேலை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடகத்துக்குப் பாட்டு வேண்டும் என்றால் ஆராதனை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் காணிக்கை உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தருவார். யாராவது இறந்துபோனால் கல்லறையில் பொறிக்க நான்கு வரி கேட்டு வருவார்கள். வருகிறவர்கள் அப்பா பெயர், ஊர்ப் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர் எல்லாம் அதில் வந்தாக வேண்டும் என்பார்கள். அத்தனை பெயரையும் தளை (சீரும் சீரும் இணையும் ஓசை விதி) தட்டாமல் உள்ளே வைத்து, படித்தால் தொண்டை அடைக்கும்படியாகவும் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் டீச்சரின் வெண்பாக்கள் எத்தனையோ நிற்கின்றன, ஒன்றில்கூட அவருடைய பெயர் இல்லாமல்.

இனி, வரலாறு. பேச்சாளர் தமிழிலக்கியம் கரைத்துக் குடித்தவர் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் நினைவூட்டுகிறேன். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு சேர்ந்து படித்த வேதநாயக சாஸ்திரியார் என்ன வேலை பார்த்தார்? மிஷன் பள்ளியில் ஆசிரியர் வேலை. யாருக்காகப் பாடினார்? சபைக்காக. குறவஞ்சி என்ற நாட்டிய நாடக வடிவத்தை எடுத்து பெத்லகேமுக்குக் கொண்டுபோனதோடு நிற்காமல், சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் செய்தியையும் பூமியின் நாடுகளையும் அதற்குள் பாட்டாக வைத்தார். அவர் பூகோளமும் வானவியலும் படித்து, கற்பித்த வகுப்பறையிலிருந்து வந்த பகுதிகள் அல்லவா அவை? 1864இல் அவர் மறைந்து இத்தனை காலம் ஆன பிறகும் அவருடைய பாட்டு ஆலயங்களில் ஒலிக்கிறது.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1853இல் சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராகப் போய், 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகும் ஆசிரியப் பணியிலேயே பெரும்பகுதி வாழ்வைக் கழித்தவர் அவர். ஆங்கில உரைநடையில் இருந்த ஒரு பயணக் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியம், முதலில் மிஷன் இதழொன்றில் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஓர் ஆசிரியர், ஒரு சபை இதழ், மாதந்தோறும் அதற்குக் காத்திருந்த விசுவாசிகள்: 'கிறிஸ்தவக் கம்பர்' என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மனிதர் உருவான சூழல் இவ்வளவுதான். தென்மாவட்டக் கிராமங்களில் மிஷன் காலத்தில் பல இடங்களில் பள்ளிக்கூடத்துக்கும் ஆலயத்துக்கும் ஒரே கூரைதான் இருந்தது. வாரநாளில் பாடம் சொன்னவரே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தினார். ஊருக்குக் கடிதம் படித்துக் காட்டியவரும் அவரே. டீச்சர் அந்த வழியில் வந்தவர். வழியே தெரியாதவர்கள்தான் அதை முட்டுச்சந்து என்று நினைப்பார்கள்.

இது கிறிஸ்தவர்களின் சங்கதி மட்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய அப்பர், அந்த உழவாரப்படையைக் கீழே வைத்திருந்தால் இன்னும் நல்ல பதிகங்கள் பாடியிருப்பார் என்று ஏதாவது ஓர் இலக்கிய மேடையில் யாராவது பேசக் கேட்டிருக்கிறீர்களா? வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வாரைப் பார்த்து, தோட்ட வேலையில் காலத்தைக் கழித்து ஒரு கவிஞனை நாம் இழந்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டா? அங்கே தொண்டு என்றால் பெருமை. பள்ளியில் சாக்பீஸ் பிடித்த ஒரு பெண் மாலையில் ஆலயத்தில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அது முடக்கம்.

எதிர்வினைகள் வரும் என்று தெரியும். "அவர் பாராட்டத்தானே செய்தார், ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: செத்தவரின் வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்கைக் குப்பை என்று சொல்லி மீதியைப் பாராட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர். "நீயும் கிறிஸ்தவன், அதனால் வலிக்கிறது" என்பவர்களுக்கு: ஆம், வலிக்கிறது. அடுத்த கேள்வி?

"பக்திப் பாட்டு எப்படி நவீன கவிதையாகும்?" என்பது இன்னொன்று. டீச்சருடையது நவீன கவிதை என்று நான் எங்கே சொன்னேன்? அவருக்குப் புதுக்கவிதையும் எழுத வரும், எழுதியும் இருக்கிறார். ஆனால் ஒரு கவிஞரை அளக்க இருக்கும் ஒரே கோல், தன் சிறுபத்திரிகை வட்டத்தில் இருக்கும் ஐம்பது பேர் தலையாட்டுகிறார்களா என்பதுதான் என்று நினைப்பவர்களோடு எனக்கு வாதமே இல்லை. டீச்சரின் கீர்த்தனையைப் படிப்பறியாத பாட்டிமார்கள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அந்தக் கவிஞரின் வரியொன்றை அவருடைய வீட்டில் யாராவது மனப்பாடமாகச் சொல்வார்களா என்று கேட்பது நாகரிகமாக இருக்காது, அதனால் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் நிற்கிறேன். பெண்களுடைய இலவச உழைப்பில்தான் சபைகள் ஓடுகின்றன, அதை 'தொண்டு' என்று புகழ்ந்துவிட்டுச் சபை தப்பித்துக்கொள்கிறது என்று தோழிகள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. மறுக்க மாட்டேன். நாற்காலி எடுத்துப் போடுவது முதல் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) இலை எண்ணுவது வரை டீச்சரைக் கேட்டார்கள். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தல் என்றால் மட்டும் அவருடைய பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆலய நூற்றாண்டு மலருக்கு இரவெல்லாம் மெய்ப்புப் பார்த்தவர் அவர். மலரின் நன்றியுரையில் அவர் இல்லை, பந்தல் போட்டவர் இருக்கிறார். அவருடைய புதிய பாட்டொன்றைப் பண்டிகையில் பாட அனுமதி கேட்டபோது, தமிழ் கடினமாக இருக்கிறது, ஜனங்களுக்குப் புரியாது என்று ஒரு பெரியவர் தள்ளிவைத்தார். அதே பெரியவர் அடக்க ஆராதனையில் "எங்கள் சபையின் கவிக்குயில்" என்று அழுதார். டீச்சரின் கவிதைத் தொகுப்பின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் அழுதார்.

ஆகவே சபையை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் தோழிகளே, சபை அவரைச் சரியாக நடத்தவில்லை என்பது ஒரு பேச்சு. அவர் அங்கே இருந்ததே தவறு என்பது வேறு பேச்சு. இரண்டாவதைச் சொல்லும்போது, தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத அப்பாவியாக அவரை ஆக்கிவிடுகிறீர்கள். அவருக்குத் தெரிந்திருந்தது. கமிட்டிக்காரர்களை அவர் எப்படிப் பகடி செய்வார் என்பதைப் பக்கத்திலிருந்து கேட்டவன் நான். அந்த அங்கதப் பாடல்களை இங்கே போட்டால் சேகரமே இரண்டாகிவிடும். எல்லாம் தெரிந்தும் அடுத்த ஞாயிறு முதல் மணி அடிப்பதற்கு முன்பே அங்கே இருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளைகள் வந்து காத்திருப்பார்களே" என்றார். இதைவிடப் பெரிய விளக்கத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

இவ்வளவு எழுதுவதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் கவிஞர் டீச்சரின் கவிதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு நூலாகக் கொண்டுவர முன்வந்திருக்கிறாராம், 'சபை சார்ந்தவை நீங்கலாக'. நல்ல மனது. டீச்சரின் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மாதிரித் தேர்வு மதிப்பெண்களுக்குக் கீழே நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்ற குறிப்பு, அதற்கும் கீழே அடித்துத் திருத்திய ஒரு விருத்தம், ஓரத்தில் யாரோ ஒரு விதவைக்கு மனு எழுத வேண்டிய நாள் என்றுதான் பக்கங்கள் இருக்கும். நீங்கலாக்க வேண்டியதை அவர் எந்தக் கத்தரிக்கோலால் வெட்டப்போகிறார் என்று தெரியவில்லை. அந்த விருத்தத்தில் வரும் தாய் மரியாளா, மனுவுக்கு வந்த அந்தப் பெண்ணா என்று அவரால் முடிவுசெய்ய முடியாது, என்னாலும் முடியாது.

நோட்டுகள் இப்போது டீச்சரின் தங்கையிடம் பத்திரமாக இருக்கின்றன. அவர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். கல்லறை வெண்பாக்கள், நாடகப் பாட்டுகள், கீர்த்தனைகள், புதுக்கவிதைகள், அந்த அங்கதம் உட்பட அனைத்தையும் எழுதிய கால வரிசையில் போடச் சம்மதிக்கிறவருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பழைய மாணவர்கள் நாங்கள் சிலர் தட்டச்சு செய்யத் தயாராக இருக்கிறோம். டீச்சர் எழுதிக் கொடுத்த பாட்டுத் தாளோ காணிக்கை உறையோ யாரிடமாவது இருந்தால், படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள்.