பாதியில் இருக்கும் நான்கு புத்தகங்கள்

என் பையிலும் தலைமாட்டிலுமாக இப்போது நான்கு புத்தகங்கள் பாதி வாசிப்பில் இருக்கின்றன. நான்கையும் முடித்த பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற வாரம் அவற்றுள் ஒன்றைப் பற்றி நான் பேசத் தொடங்கியபோது நண்பர் ஒருவர் இடைமறித்து, "முழுசாப் படிச்சு முடிக்காம கருத்துச் சொல்றது அந்தப் புத்தகத்துக்குச் செய்யற அநியாயம்" என்றார். அன்பானவர், நிறையப் படிப்பவர். அவர் சொன்னதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அந்த விதி பொருந்தலாம். ஆனால் நடுவில் நிற்கும்போது மட்டுமே தோன்றுகிற சில எண்ணங்கள் உண்டு; கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டால் அவை நம்மிடமிருந்து போய்விடும், எவ்வளவு முயன்றாலும் திரும்ப வருவதில்லை. அவை போவதற்கு முன் எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

நான் தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து தினமும் பேருந்தில் குமுளிக்குச் சென்று, ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். வளைவுகளில் எழுத்து ஆடினாலும் எனக்கு அங்கேதான் வாசிப்பு ஓடுகிறது. பக்க அடையாளத்துக்குப் பயணச் சீட்டையோ, கடையில் மாதிரிக் காய் போட்டு வைத்துக் கொட்டிய காகித உறையையோதான் வைப்பேன். அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நான் நிறுத்திய பக்கத்தில் மட்டும் ஏலக்காய் வாசம் இருக்கும்.

முதலில் சிலப்பதிகாரம். இந்தக் கதையைத் தெரியாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. சித்திரைப் பௌர்ணமிக்கு மலையுச்சிக் கண்ணகி கோயிலுக்கு நாங்கள் பளியன்குடி வழியாக நடந்து ஏறுகிறோம். குமுளியிலிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. எங்கள் கடை முதலாளி அந்த இடத்தை மங்களாதேவி என்பார், நான் கண்ணகி கோயில் என்பேன், இருவரும் ஒரே மலையைத்தான் கைகாட்டுவோம். ஆனால் கதை தெரிவதும் காதை காதையாக உரையோடு படிப்பதும் வேறு வேறு என்பதை இந்த ஆறு மாதத்தில்தான் அறிந்தேன். புகார்க் காண்டத்தின் 10 காதைகளையும் மதுரைக் காண்டத்தின் 13 காதைகளையும் முடித்துவிட்டேன். வஞ்சிக் காண்டத்தின் 7 காதைகள் மீதி இருக்கின்றன. கட்டுரை காதையின் முடிவில் சீட்டை வைத்துவிட்டு மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறேன்.

நிற்பதற்குக் காரணம் உண்டு. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது அந்நகரின் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் வருகிறாள். முன்னால் வந்து நிற்க அஞ்சி, பின்னால் வந்து நிற்கிறாள். வாடிய முகத்தை வலப்பக்கம் திருப்பி, என் பின்னால் வருகிற நீ யார் என்று கண்ணகி கேட்கிறாள். ஒரு தெய்வத்தைப் பார்த்து ஒரு வணிகர் வீட்டுப் பெண் கேட்கும் கேள்வி அது. அதன்பின் மதுராபதி காரணம் சொல்கிறாள். முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரோடு இருந்தான். சிங்கபுரத்தில் பிழைக்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி கூறிக் கொலைக்கு ஆளாக்கினான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அலைந்து, ஒரு மலைமேல் ஏறி, எங்களுக்கு இந்தத் துன்பம் செய்தவர் இதையே அடைவாராக என்று சபித்து உயிர்விட்டாள். அந்த வினைதான் இன்று வந்து மூண்டது என்கிறாள்.

இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான் நானும். அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. இப்போது நீலி என்ற பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவளும் குற்றமில்லாத கணவனைப் பொய்ப் பழிக்குப் பறிகொடுத்தவள், அவளும் 14 நாள் அலைந்தவள், அவளும் மலை ஏறியவள். கண்ணகியின் துயரத்துக்குக் காரணம் கேட்டால், அதே துயரத்தோடு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இது எப்படி ஆறுதலாகும்? இதைக் கேட்ட பிறகுதான் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் வளையல்களை உடைத்துப் போட்டுவிட்டு, கிழக்கு வாயிலில் கணவனோடு வந்த நான் மேற்கு வாயிலில் தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் புறப்படுகிறாள். இரவு பகல் தெரியாமல், வையையின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் என்று பாராமல் இறங்கி, மேடு என்று பாராமல் ஏறி நடக்கிறாள். அவள் ஏறிய நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு அதில் ஐயமே இல்லை. எங்கள் பேருந்து திணறித் திணறி ஏறும் இந்த மலைத்தொடரில்தான் அவள் ஏறினாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

வஞ்சிக் காண்டத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரியும். குறவர்கள் அவளைத் தெய்வம் என்பார்கள், செங்குட்டுவன் இமயம் சென்று கல் கொண்டுவருவான், கோயில் எழும், பல நாட்டு அரசர்கள் வந்து வணங்குவார்கள். அதைப் படித்து முடித்ததும் என் கோபம் தணிந்து கைகூப்பத் தோன்றிவிடும்; என்னை எனக்குத் தெரியும். நான் சீட்டு வைத்திருக்கும் பக்கத்தில், கோவலனோடு வானூர்தி ஏறும் கடைசி வரிகளுக்கு முன்பு வரை, அவள் இன்னும் தெய்வமாகவில்லை. கையில் வளையல் இல்லாமல் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருக்கும் பெண்ணாகவே இருக்கிறாள். அவளை இந்த நிலையில் இன்னும் சில நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது.

அதே சிலப்பதிகாரத்தை 1892இல் அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இரண்டாவது புத்தகம். இதைப் படிப்பது பெரிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாத்தா பேசுவதைக் கேட்பது போல இருக்கிறது. ஊர்கள், மனிதர்கள், மடத்துச் சாப்பாடு, பாடம் சொன்ன நேரம் எல்லாவற்றுக்கும் அவரிடம் இடம் இருக்கிறது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். தன் மாணவரின் பெயரைக்கூட வேங்கடராமன் என்பதிலிருந்து சாமிநாதன் என்று மாற்றி அழைத்தவர் அந்த ஆசிரியர். இனி யாரிடம் போய் நிற்பது என்று தெரியாத இளைஞராக அவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். இன்னும் நான்கு ஆண்டில், 1880இல், கும்பகோணத்தில் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீபைச் சந்திப்பார் என்பதும், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அவர் அடுக்கப்போகும் பட்டியலைக் கேட்டுவிட்டு முதலியார் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால், என் பையில் இதே நூலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் இன்னொரு நூல் எனக்கு எந்த வடிவில் கிடைத்திருக்குமோ!

இந்த நூலுக்கே முடிவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்தவர் 1942 ஏப்ரலில் மறைந்துவிட்டார். அவர் சென்னைக் கல்லூரிக்கு வந்த காலத்தைத் தொடுவதற்கு முன்பே வரலாறு நின்றுவிடுகிறது. முழுதாகப் படித்த பிறகே பேச வேண்டும் என்று சொன்ன நண்பருக்கு, இந்தப் புத்தகத்தை யாராலும் ஒருநாளும் முழுதாகப் படிக்க முடியாது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

மூன்றாவது, மலையாளத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும் பஷீரின் 'பாத்தும்மாயுடெ ஆடு'. மலையாள எழுத்துகளை நான் கற்றது பேருந்துப் பலகைகளிலும் கடைக்கு வரும் ரசீதுகளிலும்தான். தமிழில் ஒரு பத்தியைக் கண்ணால் வாரிக்கொண்டு போகும் நான், இங்கே ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்று அனுமதி கேட்டுத்தான் நுழைகிறேன். தலையோலப்பறம்பு வீட்டில் ஒரு கூட்டமே வாழ்கிறது. உம்மாவிலிருந்து தம்பி தங்கைகள் வரை எல்லோரும் எழுத்தாளரிடம் காசு கேட்கிறார்கள். தங்கையின் ஆடு வந்து அவருடைய புத்தகப் பிரதிகளையே தின்றுவிட்டு அடுத்துக் கம்பளியைத் தின்னப் பார்க்கிறது. அந்த இடத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்ததில் முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நாட்களில், 1954இல், எழுதியது இது என்று முன்னுரையில் படித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு தொண்டையில் வேறு மாதிரி ஆகிறது. பாதி தாண்டியும் கதை என்று ஏதும் தொடங்கியதாகத் தெரியவில்லை. தொடங்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

இடையில் ஒரு செய்தி. என் அக்கா மகள் பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள். நந்தினி யார் என்று தினமும் ஒரு புது ஊகம் சொல்கிறாள். ஐந்து பாகமும் முடித்த எனக்கு அப்படி ஓர் ஊகம் இனி வாழ்நாளில் தோன்றாது. அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

நான்காவது புத்தகத்தைப் பற்றி எழுதத்தான் உண்மையில் அமர்ந்தேன். 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா.முருகவேளின் தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆகியிருக்கிறது. பஞ்சத்தில் வாடும் திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து கருப்பனும் வள்ளியும், மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மலையில் நல்ல பிழைப்பு என்று நம்பிப் போகிறார்கள். அவர்கள் மலையேறிவிட்டார்கள், குளிரும் அட்டையும் காய்ச்சலும் தொடங்கிவிட்டன, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

கணக்கு என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் என் கை நின்றுவிடுகிறது. எங்கள் கடைப் பேரேட்டில் முன்பணத்துக்கென்று ஒரு பத்தி உண்டு. ஊரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் காய் எடுக்க வரும் பெண்களுக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆடி நோன்புக்கோ கொடுத்ததை நான்தான் பற்று எழுதுகிறேன், வாரக் கூலியில் கழித்து வரவு வைப்பதும் நான்தான். இந்தக் காலத்துக் கணக்கை அந்தக் காலத்துக் கொடுமையோடு ஒன்றாக்க மாட்டேன். இவர்கள் மாலையில் வீடு திரும்புகிறார்கள், பிடிக்காவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போகிறார்கள். ஆனாலும் அந்தப் பத்தியைக் கூட்டும்போது இப்போதெல்லாம் இரண்டு முறை சரிபார்க்கிறேன். போன மாதம் ஓர் அம்மாவின் பெயரில் 300 ரூபாய் இரண்டு தடவை பற்று விழுந்திருந்ததைக் கண்டு திருத்தினேன். அது என் கையெழுத்தில் இருந்த பிழை. இந்த நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால் அதைக் கண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஒரு நாவலாக இதில் குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியரே விளக்கத் தொடங்குகிறார். ஆனால் காய்ச்சலில் கிடப்பவரின் உடம்பைப் பற்றி எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தவரின் எழுத்து என்பது தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன கத தாயி இது?" என்று கேட்டார். சொன்னேன். முன்பணம் என்றதும் தலையை ஆட்டினார். "நானும் பதினாலு வயசுல மலைக்குப் போனவதான். எங்கம்மா வாங்குன அட்வான்சுக்கு நான் காய் எடுத்தேன். எம்புட்டுக் கழிஞ்சுச்சு, எம்புட்டு நின்டுச்சு, ஒன்னும் தெரியாது. நோட்டு அவுக கையிலல்ல இருந்துச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்பாரோ என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. கேட்கவில்லை.

குமுளி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், படியருகே போய்த் திரும்பி நின்று, "அந்த வள்ளிப் புள்ள கடைசியில ஊருக்கு எறங்குனாளா?" என்று கேட்டார்.

"இன்னும் அது வரைக்கும் படிக்கலம்மா" என்றேன்.

"படிச்சுட்டுச் சொல்லு தாயி. நான் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இந்த வண்டியிலதான் மக வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நாளை செவ்வாய்க்கிழமை. இன்னும் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது.