ஆராய்ந்தது போதாதா?

"இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு வருகிறது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் விஷயத்திலாவது அப்படிச் சொல்ல யாருக்கும் முகாந்திரம் கிடையாது.

அமெரிக்கா, கனடாவின் கிழக்குக் கரையோரம் வாழும் இந்த இனத்தில் மிஞ்சியிருப்பவை சுமார் 380. குட்டி ஈனும் நிலையில் உள்ள தாய்கள் 70 சொச்சம்தான். ஒவ்வொன்றின் தலையிலும் சொரசொரப்பான தோல் திட்டுகள் வேறு வேறு அமைப்பில் இருக்கும். அதைப் படம்பிடித்து, எண் கொடுத்து, எது எதன் குட்டி என்பது வரை பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் பதிவு வைத்திருக்கிறது. சாவுக்குக் காரணமும் தெரியும். கப்பல் மோதும், இல்லையென்றால் கடலடியில் வைக்கும் லாப்ஸ்டர் (சிங்கி இறால்), நண்டுக் கூண்டுகளிலிருந்து மேலே மிதவை வரை தொங்கும் கயிறு சுற்றிக்கொள்ளும். 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஒரு தடவையாவது கயிற்றில் மாட்டியிருக்கின்றன. உடம்பில் தழும்பு இருக்கிறது.

கயிறு உடனே கொன்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே நீந்த வைக்கும். தப்பித்தாலும் கொழுப்பெல்லாம் கரைந்த தாய்க்கு அடுத்த குட்டி தள்ளிப்போகும். வானிலிருந்து எடுத்த படங்களை அளந்து பார்த்ததில், 1981இல் பிறந்தவற்றைவிட இப்போது பிறப்பவை சுமார் 1 மீட்டர் குட்டையாகவே வளரும் என்று தெரிய வந்தது.

ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. திமிங்கலத்தின் மலத்தைத் தேட மோப்ப நாயைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்! 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்து கடல் கொஞ்சம் அமைதியானது. அப்போது சேகரித்த மலத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. கப்பல் இரைச்சல் அவற்றை என்ன பாடு படுத்துகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சொன்னதைக் கேட்ட காலமும் உண்டு. அதே விரிகுடாவில் 2003இல் கப்பல் பாதையையே நகர்த்தினார்கள். ஆனால் கடல் சூடேறி இரை இடம் மாறியது. திமிங்கலங்கள் அதைத் தேடி, கனடாவிலேயே உள்ள செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்கான பாதுகாப்பு எதுவும் தயாராக இல்லை. 2017இல் மட்டும் இரு நாட்டுக் கடலிலும் சேர்த்து 17 செத்தன. அப்புறம்தான் கனடா அங்கே வேகத்தைக் குறைக்கச் சொன்னது.

கயிறு பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. படகிலிருந்து ஒலி சமிக்ஞை அனுப்பினால் அடியில் கிடக்கும் கூண்டே மேலே வரும். கயிறு நாள் முழுக்கத் தண்ணீரில் தொங்க வேண்டியதில்லை. விலைதான் அதிகம். அதை மீனவர் தலையில் கட்டுவது அநியாயம், அரசுதான் தர வேண்டும்.

வேகத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் 65 அடியும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், குறிப்பிட்ட பருவத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது. 2021 பிப்ரவரியில் ஃபுளோரிடா கரையருகே ஒரு குட்டியைக் கொன்றதோ 54 அடிப் படகு. 35 அடிப் படகு வரை விதியை நீட்டலாம் என்று 2022இல் அமெரிக்க அரசுத் தரப்பில் முன்மொழிந்தார்கள். 2025 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்னும் பேச அவகாசம் கேட்டவர்கள் ஏராளமாம், முடிவெடுக்க நேரம் போதவில்லையாம். இரண்டு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டுச் சொல்கிறார்கள்.