ஒரே வீதியில் இரண்டு தேர்

(திருவாரூர். ஆழித்தேர் தெற்கு வீதித் திருப்பத்தில் நிற்கிறது. அது திரும்பி முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் பேசிவிடலாம். முட்டுக்கட்டை போடும் சுப்பையன், கட்டையின் முனையில் நசுங்கிய நாரைப் பிய்த்தபடி, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் அருகே அமர்கிறார்.)

சுப்பையன்: வாத்தியாரய்யா, ஐந்து தேர்களும் இதே நான்கு வீதிகளைத்தான் சுற்றுகின்றன. அப்படியிருக்க, சூரியனைச் சுற்றும் கோள்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வீதி எதற்கு?

வாத்தியார்: ஒரே பாதையில் இரண்டு கோள்கள் ஓடலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது, சுப்பையா. சூரியன், பெரிய கோள், சிறிய கோள் ஆகிய மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையும்படி, சிறியது 60 பாகை முன்னாலோ பின்னாலோ சென்றால் போதும் என்பதை லக்ராஞ்ச் என்ற கணித அறிஞர் 1772-லேயே கண்டறிந்தார்.

சுப்பையன்: 60 பாகை என்றால் நம் கணக்கில்?

வாத்தியார்: முழுச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு.

சுப்பையன்: இடைவெளி தாராளம்தான். ஆனால் நெருங்கிவிட்டால் அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர் யார்?

வாத்தியார்: ஈர்ப்பு விசையே போடும். பின்னால் வருவதை முன்னது தன்பால் இழுக்கும்போது, அது ஆற்றல் பெற்றுச் சற்று வெளிப்பாதைக்கு ஏறிவிடும். வெளிப்பாதையில் வேகம் குறைவு என்பதால், நெருங்கி வந்தது தானாகவே பின்தங்கிவிடும்.

சுப்பையன்: முன்னால் இழுத்தால் பின்தங்குமா! ஐயா, இதை வடம் பிடிப்பவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறகு தேர் நிலைக்கு வர மாதக்கணக்காகும்.

வாத்தியார்: சிரிக்காதே. சனிக்கோளுக்கு ஜேனஸ், எபிமீதியஸ் என இரண்டு துணைக்கோள்கள் உள்ளன. அவற்றின் பாதைகளுக்கு இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான் வித்தியாசம். அவற்றின் பருமனோ 100 கிலோமீட்டருக்கு மேல். முட்டிக்கொள்ள வேண்டிய அவை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்பாதையையும் வெளிப்பாதையையும் மாற்றிக்கொண்டு விலகிவிடுகின்றன.

சுப்பையன்: சனியைச் சுற்றுகிறவர்களே முறை தவறாமல் நடக்கிறார்கள். என் பங்காளி, முறைத்தண்ணீர் என் பக்கம் வருகிற இரவில்தான் வாய்க்காலை அடைக்கிறான். அவனை எந்தப் பாதைக்கு ஏற்றுவது?

வாத்தியார்: அது லக்ராஞ்சுக்கும் எட்டாத கணக்கு.

சுப்பையன்: போகட்டும், அப்படி ஓடும் இரண்டு கோள்களைக் காட்டுங்கள்.

வாத்தியார்: வியாழனின் பாதையில் முன்னும் பின்னும் சிறுகோள் கூட்டமே உண்டு, முதலாவதான அக்கிலீஸ் 1906-இல் அகப்பட்டது. இரண்டு முழுக் கோள்களாக இதுவரை எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவிலான தேயா என்ற கோள் பூமிமீது மோதி, அந்தச் சிதறலிலிருந்து நிலவு உருவானதாகக் கருதுகிறார்கள். அந்தத் தேயா முதலில் நம் பாதையிலேயே 60 பாகை தள்ளி ஓடியிருக்கலாம் என்பாரும் உண்டு.

சுப்பையன்: அதாவது, கட்டை நழுவிவிட்டது.

(விசில் ஒலிக்கிறது.)

சுப்பையன் (கட்டையைத் தோளில் ஏற்றி ஓடியபடி): வருகிறேன் ஐயா! பின்னால் அம்பாள் தேர் புறப்பட்டுவிட்டது. தெற்கு வீதியில் புதிதாக ஒரு நிலா உண்டானால் பழி என் தலையில்தான் விழும்.