ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாமா?

காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியான ஏர்கன் பற்றி காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஏர்கன் பொம்மை மாதிரிதான். எந்த சைஸும் வாங்கலாம், விற்கலாம், தோட்டத்துக்கு வரும் மயிலையும் சுடலாம்."

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மி.மீ.க்குள் இருந்து, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைத் தாண்டாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை. கடையில் "பாயிண்ட் டூ டூ" என்று கேட்டு வாங்குகிறார்களே, அது 0.22 அங்குலம், அதாவது 5.5 மி.மீ. ஆற்றல் குறைவாக இருந்தாலும் அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குத் தூண், பீங்கான் ஜாடி வாங்குகிறமாதிரி பழைய ஏர்கன்னையும் பேரம் பேசி எடுத்து வந்துவிட முடியாது. பழசு என்பதால் அளவு மாறிவிடாது. குழலின் மேல் பொறித்திருக்கும் எண்ணை எண்ணெய்த்துணியால் துடைத்துப் பாருங்கள், 177ஆ 22ஆ என்று தெரியும். எண் அழிந்திருந்தால், விவரம் தெரிந்த ஆயுதக் கடைக்காரரிடம் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் மயில். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கியால் சுட்டாலும் வேட்டைதான். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பறவைகள் சரணாலயம் உள்ள வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கும் இதே மாவட்டத்தில்தான் இந்தச் செய்தியும் சுற்றுகிறது.