ஒளிவட்டம் யாருக்கு?

(விடியற்காலை. மலைப்பாதை. பனிமூட்டத்துக்குள் இரண்டு டார்ச் வெளிச்சங்கள் மெல்ல ஏறுகின்றன. வருபவர்கள் சகலைகள்: மூத்த மாப்பிள்ளை ராகவன், இளைய மாப்பிள்ளை முத்து.)

முத்து: மேகக் கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்தீர்கள். கடலுக்குள்ளேயே தள்ளிவிட்டீர்களே சகலை! புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

ராகவன்: பேசாமல் ஏறுங்கள். இன்னும் மேலே போனால் வெளியே வந்துவிடலாம்.

முத்து: மேலே போனால் இன்னும் குளிருமே! கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.

ராகவன்: அது சராசரிக் கணக்கு. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். ராத்திரி வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. அந்த மாதிரி இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று சில்லிட்டு, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதிலுள்ள ஈரம் மூடுபனியாகும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மூடியைத் தாண்டினால் வெயில்.

முத்து: சரி, அந்த மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

ராகவன்: அது நாளுக்கு நாள் மாறும். சில நாள் மலை உச்சியே மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்வதும் உண்டு.

முத்து: இதை நான் போர்வைக்குள் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

(சட்டென்று வெளிச்சம். இருவரும் மூட்டத்துக்கு மேலே வந்துவிட்டார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை வெளேர் என்று மேகம். தூரத்துச் சிகரங்கள் தீவு தீவாக நிற்கின்றன. முத்து வாயைப் பிளந்தபடி ஜாக்கெட் ஜிப்பை இறக்குகிறார்.)

முத்து: நிஜமாகவே சூடாக இருக்கிறதே... ஐயோ சகலை! அங்கே பாருங்கள், மேகத்துக்குள் ஒரு ராட்சசன்! நான் கை தூக்கினால் அவனும் தூக்குகிறான்!

ராகவன்: சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அது உங்கள் நிழல். ஜெர்மனியில் பிராக்கென் என்ற மலையில் பார்த்ததை 1780-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிராக்கென் பூதம் என்று பெயர்.

முத்து: பூதமா? தலையைச் சுற்றி வண்ண வண்ணமாக வட்டம் இருக்கிறதே, சாமி படத்தில் இருப்பது போல! அதுவும் என் நிழலுக்கு மட்டும். உங்களுடையது பக்கத்தில் மொட்டையாக நிற்கிறது.

ராகவன்: கண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வட்டம் என் தலைக்கு. மொட்டையாக நிற்பது நீங்கள்.

முத்து: "மூத்த மாப்பிள்ளை மாதிரி வருமா" என்று மாமனார் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. இன்றைக்கு இயற்கையே தீர்ப்பு சொல்லிவிட்டது.

ராகவன்: அட, அவரவர் வட்டம் அவரவருக்குத்தான் தெரியும்! நீர்த்துளிகளில் பட்ட ஒளி ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது. பார்க்கிற கண் எங்கே இருக்கிறதோ, அதன் நிழலைச் சுற்றித்தான் வட்டம் விழும். 1894-ல் ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் உச்சியிலிருந்த வானிலை ஆய்வகத்தில் வில்சன் என்ற விஞ்ஞானி இந்த மாதிரி வட்டங்களைப் பார்த்து அசந்துபோனார். கீழே வந்ததும் ஆய்வுக்கூடத்திலேயே மேகம் உண்டாக்கப் பார்த்தார். அதில் பிறந்ததுதான் முகில் அறை, கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்கள் போகிற தடத்தைக் காட்டும் கருவி. அதற்குத்தான் 1927-ல் நோபல் பரிசு.

முத்து: பார்த்தீர்களா, வட்டம் தெரிந்தவருக்கு நோபலே வந்திருக்கிறது. உங்கள் போனில் ஒரு படம் எடுங்கள், மாமனாருக்கு அனுப்பலாம்.

ராகவன்: நான் எடுத்தால் வட்டம் எனக்குத்தான் விழும். கேமராவுக்கும் அதே கணக்கு.

முத்து: அப்படியா சங்கதி? போனைக் கொடுங்கள், நானே எடுக்கிறேன்.

(பின்னாலிருந்து வெயில் அடிப்பதால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. முத்து போனைத் தன் நிழலுக்குள் தாழ்த்தி, வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் கிளிக் செய்கிறார்.)

முத்து: இந்தாருங்கள். அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ராகவன்: (படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து) தாராளமாக. அனுப்பியாயிற்று. ஆனால் சகலை, வட்டம் உங்கள் தொப்பையைச் சுற்றி விழுந்திருக்கிறது.

முத்து: அழியுங்கள்! உடனே அழியுங்கள்!

ராகவன்: மாமனார் பார்த்துவிட்டார். பதிலே வந்துவிட்டது.

முத்து: என்ன சொல்கிறார்?

ராகவன்: "நம் வீட்டில் சாப்பிட்டது வீண் போகவில்லை மாப்பிள்ளை" என்கிறார்.