இரண்டாவது மாடிக்காரியும் இந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறாள்

சனிக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஆமாம், இங்கே பினாங்கில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருந்த அதே அங்சானா நிழல் மரங்கள்தான். நான்கில் மூன்றை மொட்டையடித்துவிட்டார்கள். நான்காவதில் கயிறு கட்டி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது, லோரி போய்விட்டது. நாளைக் காலையில் மறுபடியும் வருமாம்.

எதற்காக? மேல்மாடிக்காரர்களுக்குக் கடல் தெரியவில்லையாம்.

குடியிருப்பு வாட்சப் குழுவில் நான் எழுதியதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. “டீச்சர், மரம்தானே, ஏன் இவ்ளோ கோபம்?” “ஏஜிஎம்ல (வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில்) முடிவானது, அப்ப நீங்க எங்க போனீங்க?” கடைசியில் ஒருவர், நம்மவர்தான், பெயர் வேண்டாம், இப்படி எழுதினார்: “கீழ்மாடியில இருக்கறவங்களுக்கு வியூவோட அருமை தெரியாது.” அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எங்களையும் கேட்டிருக்க வேண்டும். மரத்தின் உச்சி யாருடைய ஜன்னலை மறைக்கிறதோ அவரைக் கேட்டார்கள். மரத்தின் நிழல் யாருடைய வீட்டில் விழுகிறதோ அவரைக் கேட்கவில்லை.

ஏஜிஎம்முக்கு நான் போகவில்லை, உண்மை. அன்றைக்கு அம்மாவைக் கண் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆனால் நோட்டீஸை வரி விடாமல் படித்தேன். ஏழாவது வரியில் ‘லேண்ட்ஸ்கேப் மேம்பாடு’ என்று இருந்தது. அதற்கு மரத்தின் தலையை எடுப்பது என்று பொருள் என யாருக்குத் தெரியும்? 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகச் சட்டப்படி, குறித்த நேரத்தில் போதிய ஆள் சேராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம். மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இல்லை. எங்கள் புளோக்கில் கீழ் மூன்று மாடிகளில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற பிள்ளைகள். அந்த வீடுகளில் ஏர்கோன் (ஏசி) கிடையாது, அந்த மரம்தான் ஏர்கோன். அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டு இல்லாதவனுக்கு வெயில் மட்டும் சுடாதா?

சரி, சட்டம் பேசலாம், நீங்களும் அதைத்தானே பேசுகிறீர்கள். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172-ஆவது சட்டம், பினாங்கில் நடப்பில் இருக்கிறது. அதில் 35எச் பிரிவு இருக்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், ஊராட்சியின், அதாவது உள்ளூர் நகராட்சியின், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அந்த மரத்தை வெட்டக்கூடாது. செத்த மரம், சாகிற மரம், உடனே விழும் ஆபத்துள்ள மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. என் வீட்டு ஜன்னலை மறைக்கிறது என்பதற்கு விலக்கு இல்லை.

நேற்று மழை விட்டதும் மிச்சமிருக்கிற நான்காவது மரத்தை அளக்க அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். 150 சென்டிமீட்டர் டேப். பற்றவில்லை. முடிந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மீதியை மறுபடி அளந்தேன். 2 மீட்டர் 14 சென்டிமீட்டர். பக்கத்தில் மொட்டையடிக்கப்பட்ட மரத்தின் வெட்டுவாயிலிருந்து சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. அங்சானா நம் வேங்கைக்குச் சொந்தம், வெட்டினால் இரண்டுக்குமே சிவப்புப் பால்தான். தண்டு நெடுகிலும் கோடு கோடாக இறங்கி, வேரில் தேங்கி, சிமெண்டுத் திண்டுவரை ஓடியிருந்தது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். “எங்க பாட்டி வேங்கைப் பால்லதான் கொழந்தைக்குப் பொட்டு வெப்பாங்க, கண்ணு படக்கூடாதுன்னு” என்றாள். அப்புறம் அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே மேலே வந்தாள்.

“வெட்டலையே, ட்ரிம் பண்ணோம்” என்கிறார் கமிட்டித் தலைவர். ஐயா, ட்ரிம் என்பது வேறு. மரம் தெரிந்தவர்கள் ஒரே தடவையில் கால் பங்குக் கிளைக்கு மேல் கைவைக்க மாட்டார்கள். உள்கிளைகளைக் கழித்து, கீழ்க்கிளைகளை எடுத்துவிட்டால் இலைகளுக்கு நடுவே கடலும் தெரியும், மரமும் இருக்கும். நீங்கள் செய்தது அப்படியில்லை. இலை முழுக்க எடுத்தால் மரம் சோறில்லாமல் கிடக்கும். வெட்டுவாயில் அழுகல் இறங்கும். அவசரத்துக்கு முளைக்கிற புதுக்கிளைகள் பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு காற்றில் அந்தக் கிளைதான் காரின் மேல் விழும். அப்போது “பாத்தீங்களா, மரம் ஆபத்து” என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆபத்து என்ற பேச்சு வந்தது. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 2024 மே 7 அன்று பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிர் போனது, 17 வண்டிகள் நசுங்கின. 2017 நவம்பரில் இங்கே பினாங்கில் அடித்த புயல்மழையில் எத்தனை மரம் விழுந்தது என்பதை நானும் கண்ணால் பார்த்தவள்தான். மரம் விழவே விழாது என்று நான் சொல்லவில்லை. பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. அதற்குத்தான் ஆர்போரிஸ்ட், மர நிபுணர், இருக்கிறார். ஒருவரைக் கூட்டி வாருங்கள், தட்டிப் பார்க்கட்டும், துளை போட்டுப் பார்க்கட்டும், அறிக்கை எழுதட்டும். இந்த மரம் ஆபத்து என்று அவர் எழுதினால் நானே லோரிக்கு வழிவிட்டு நிற்பேன். ஆனால் உங்கள் கூட்டக் குறிப்பில் ஆபத்து என்ற வார்த்தையே இல்லை. ‘சீ வியூ’ என்றுதான் இருக்கிறது. நான் படம் போட்ட பிறகுதான் ஆபத்து முளைத்தது.

இலை விழுந்து சாக்கடை அடைக்கிறதாம். கூட்டலாம். மைனா எச்சம் கார் மேல் விழுகிறதாம். கழுவலாம்.

வீட்டு விலை பற்றித்தான் எல்லோரும் சூடாக இருக்கிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். “கடல் தெரியும்னு சொல்லித்தான் வித்தாங்க, அதுக்குக் கூடக் காசு குடுத்தோம்.” கொடுத்திருப்பீர்கள். விற்றவரிடம் போய்க் கேளுங்கள். ஆங்கிலேயர் சட்டத்தில் 1610-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: வெளிச்சமும் காற்றும் தேவை, காட்சி என்பது மனத்துக்கு இன்பம், அதற்காக வழக்குப் போட முடியாது. நாளை எதிரே 40 மாடி எழுந்தால் உங்கள் கடல் போய்விடும், எந்த செயின்சாவும் அதை வெட்டாது. தஞ்சோங் தோக்கோங்கில் கடலை மண் போட்டுத் தூர்த்தபோது அங்கே கடல் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? கர்னி டிரைவில் சவுக்கு மரங்களுக்கு நடுவே அலையைப் பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இன்று முன்னால் என்ன இருக்கிறது? நிலம். அப்போது கடல் தெரியவில்லை என்று ஒரு பெட்டிஷன் போட்டீர்களா? அங்கே யார் எதிரே நிற்பது என்று பயம். இங்கே எதிரே நிற்பது மரம். அது திருப்பிப் பேசாது.

ஒருவர் அமெரிக்க லிங்க் அனுப்பியிருக்கிறார். கலிபோர்னியாவில் ராஞ்சோ பாலோஸ் வெர்டெஸ் என்ற கடலோர ஊரில் 1989-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் காட்சிக்காகச் சட்டமே கொண்டுவந்தார்களாம். படித்தேன். நீங்களும் கடைசிவரை படித்திருக்கலாம். அங்கே முதலில் மரத்துக்காரரிடம் போய்ப் பேச வேண்டும். பேச்சு முடியாவிட்டால் மனுப் போட வேண்டும், இரண்டு தரப்பும் விசாரணையில் சொல்ல வேண்டும். மரத்தைக் கழிக்கிற செலவு காட்சி கேட்டவர் தலையில். இங்கே என்ன நடந்தது? என் மெயின்டெனன்ஸ் காசில் என் நிழலை வெட்டினீர்கள். அந்த ஊர்ச் சட்டம் இங்கே வரட்டும், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். அதிலும் முதல் வரி அதுதான்: கேட்க வேண்டும்.

“உங்களுக்குப் பொறாமை, ரெண்டாவது மாடியில கடல் தெரியாதுல்ல.” இதற்குப் பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

என் அப்பா முனிசிபல் வேலைக்காரர். 1968-இல் சேர்ந்தார். புல் வெட்டுவது, கானு (சாக்கடை) தோண்டுவது, பிறகு மரம் நடுகிற கேங்கில். அங்சானாவுக்கு விதை வேண்டாம், கை பருமனுக்குக் கொம்பை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லோரியில் தண்ணீர் டிரம்மோடு போவார்கள். பிடித்துக்கொண்டதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார், யாரும் சம்பளம் தராத வேலை. “இது நம்ம கொம்பு” என்பார். இந்தத் தீவில் நிழலில் கார் நிறுத்துகிறவர்கள், அந்த நிழலை நட்ட கைகளைப் பற்றி ஒருநாள் யோசித்திருப்பார்களா தெரியாது. அந்தக் கைகளில் பாதி நம்முடையவை.

இந்த வீட்டை வாங்க நான் வந்தபோது ஏஜென்ட் பத்தாவது மாடியையும் காட்டினார். அப்பா இரண்டாவது மாடியில்தான் நின்றார். பின்பக்க ஜன்னலைத் திறந்ததும் கிளை. “இங்கயே எடும்மா” என்றார். கடைசி மூன்று வருஷம் இனிப்புநீரில் (சர்க்கரை வியாதியில்) அவருக்குக் கண் போய்விட்டது. அந்த ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்சானா ஒரு நாள்தான் பூக்கும், தெரியும் இல்லையா? மறுநாள் காலை கார், திண்டு, சாக்கடை எல்லாம் மஞ்சள். நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார், “இன்னிக்குப் பூத்திருக்கு, வாசம் வருது, போய்ப் பாரு.” நான் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் போடுவேன். மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

வியூவின் அருமை எங்களுக்குத் தெரியாதாம்.

இது என்ன தீவு? பினாங் என்றால் பாக்கு மரம், மாநிலக் கொடியிலேயே இருக்கிறது. ஜோர்ஜ்டவுன் கட்டப்பட்ட அந்த முனைக்கு முன்பு பெயர் தஞ்சோங் பெனாகா, நம் மொழியில் புன்னை முனை. ஜெலுத்தோங் ஒரு மரம். குளுகோர் ஒரு மரம், லக்சாவில் போடுகிற புளி அதிலிருந்துதான். நாங்கள் இருக்கிற தஞ்சோங் பூங்காவின் பெயரிலும் பூ இருக்கிறது, மலாயில் பூங்கா என்றால் பூ. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வழித்துவிடலாம் என்றால் எப்படி? இதே தஞ்சோங் பூங்காவில் 2017 அக்டோபர் 21 அன்று கட்டுமானத் தளத்தில் மலைச்சரிவு மண் இறங்கி 11 தொழிலாளர்கள் செத்தார்கள். மரம் விழுந்து செத்தவரைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவர்கள் அவர்களையும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். அது வேறு விஷயம் என்பீர்கள். எனக்கு வேறாகத் தெரியவில்லை. கடல் தெரிகிற வீடு வேண்டும் என்றுதானே மலைமேல் ஏறிக்கொண்டே போகிறோம்.

“மரம் மரம்னு பேசறது வசதியானவங்க பொழுதுபோக்கு” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறான். கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் பழைய தோட்டத் தொழிலாளிகள் வரிசை வீடுகளில் நாற்பது வருஷம் வீட்டுக்காகக் காத்திருந்ததை எடுத்துச் சொல்கிறான். தம்பி, நீ சொல்வதில் வலி இருக்கிறது. அங்கே பூங்கா நிலத்தில் அந்த மக்களுக்கான வீடுகளோடு அடுக்குமாடிகளும் கட்டவிருந்த திட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன், அந்தத் தோட்டத்து மக்களை நினைத்து மனசும் கனத்தது. ஆனால் இங்கே யாருக்கும் வீடு கட்டப் போவதில்லை தம்பி. பத்தாவது மாடி வராந்தாவில் கோப்பி குடிக்கும்போது கடல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கமிட்டிக்கு நான் கேட்பதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், பிறகு டீச்சர் கத்தினாள், ஒன்றும் சொல்லவில்லை என்று வரக்கூடாது. மரத்தில் கைவைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள், வாடகை வீடுகளிலும். ‘லேண்ட்ஸ்கேப்’ என்று எழுதாமல் எந்த மரம், எவ்வளவு, எதற்கு என்று எழுதுங்கள், மலாயிலும் சீனத்திலும் தமிழிலும். ஆர்போரிஸ்ட் அறிக்கையை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். அதே 172-ஆவது சட்டத்தில் மரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது, சுற்றுப்புறத்தின் நலனுக்காக ஒரு மரத்தையோ மரக்கூட்டத்தையோ ஊராட்சி காக்கலாம். மிச்சமிருக்கிற அந்த ஒன்றுக்கு அதைக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். இதுவரை 31 வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதில் 4 வீடுகள் மேல்மாடி. அந்த நான்கு குடும்பங்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நாளைக் காலை அந்தக் கடிதத்தோடு என் தம்பி நகராட்சி அலுவலகம் இருக்கிற கொம்தாருக்குப் போகிறான். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். லோரி எட்டரைக்கு வரும் என்று செக்யூரிட்டி கார்டு சொன்னார். அப்பாவின் பிரம்பு நாற்காலியை ஏழு மணிக்கே கீழே இறக்கிவிடுவேன், அம்மாவும் வருகிறேன் என்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். சத்தம் போட வேண்டாம், சும்மா நிழலில் வந்து உட்காருங்கள்.