கோபுரத்தில் ஸ்பீக்கர் இருக்கட்டும், வாசிக்க ஆள் எங்கே?

நான் இருக்கும் அமெரிக்கச் சிற்றூரில், பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில் மணி கிடையாது. நாலு பக்கமும் ஸ்பீக்கர்தான். கீழே ஓர் அறையில் இருக்கும் பெட்டி கால்மணிக்கு ஒருதரம் ஒலிக்கும், நண்பகலில் ஒரு பாட்டும் போடும். 'எல்லாம் போலி, பிடுங்கி எறியுங்கள்' என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேரிலான் என்பது கோபுர மணிகளை வரிசையாகக் கட்டி, ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம். நிஜ கேரிலான் என்றால் குறைந்தது 23 வெண்கல மணிகள் வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் 72 மணிகள், மொத்தம் சுமார் 100 டன். அது ராக்ஃபெல்லர் வீட்டுப் பணம் சாமி! சாதாரணக் கல்லூரி எங்கே போகும்? அதற்காக வந்ததுதான் எலெக்ட்ரானிக் பெட்டி. பழைய பெட்டிகளில் குட்டிச் சுத்தியல்கள் சின்ன உலோகத் தண்டுகளைத் தட்டும். அந்த அதிர்வைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். இப்போது நிஜ மணிகளின் ஒலிப்பதிவையே உள்ளே வைத்துவிடுகிறார்கள். ரோட்டில் நடந்துபோகிற எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

என் குறை, அதை யாரும் வாசிப்பதில்லை என்பதுதான்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1868 திறப்பு விழாவிலிருந்தே மணி ஒலிக்கிறது. இன்றும் மாணவர்கள் 161 படி ஏறிப் போய், 21 மணிகளைக் கையாலும் காலாலும் வாசிக்கிறார்கள். அந்த இடத்தைப் பிடிக்கப் போட்டி வேறு. நேயர் விருப்பமும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 61 மணிகள். செமஸ்டர் வகுப்புகள் முடியும் நாளில், ஒரு சிப்பாயைத் தூக்கில் போடும் பாட்டை வாசித்துவிட்டு, பரீட்சை முடியும்வரை கேரிலானை நிறுத்திவைப்பார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை இதைவிடக் குசும்பாக வழியனுப்ப முடியுமா?

எங்கள் பெட்டிக்குப் பரீட்சையும் ஒன்றுதான், விடுமுறையும் ஒன்றுதான். கிறிஸ்துமஸ் லீவில் பார்க்கிங்கில் பனியைத் தவிர ஒன்றுமில்லாதபோதும் அதே பாட்டு. மார்ச்சில் ஊரே கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளி வைத்தது. பெட்டியிடம் யாரும் சொல்லவில்லை போல. அந்த வாரம் முழுக்க 12 மணிப் பாட்டை 1 மணிக்குப் போட்டது.

இந்த வகைப் பெட்டிகள் பலவற்றைக் கீபோர்டு வைத்தும் வாசிக்கலாம். இசைத் துறைப் பிள்ளைகளிடம் நண்பகலில் கால்மணி நேரம் கொடுங்கள். தப்பாக வாசித்தால் வாசிக்கட்டும், கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறார்கள்? அப்புறம், மணியோசைக்குள்ளேயே 'சாதாரண காந்தாரம்' என்கிற ஸ்வரம் மெலிதாகச் சேர்ந்து கேட்கும். அந்த ஸ்வரம் வருகிற ஹிந்தோள ராகம் அதில் சுகமாக உட்காரும் என்று எனக்கொரு கணக்கு. ஆள் கிடைத்தால் நேயர் விருப்பத்துக்கு முதல் சீட்டு என்னுடையது.